திருவரங்குளத்து எரிமலை

நம் நிலவியல் துறைப் பயிற்சி அறைக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில், ஃபேன் சுவிட்சுக்கு மேலே, கண்ணாடி போட்டு ஒரு படம் மாட்டியிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைந்த படம். அடியில் சிப்பி, அதற்கு மேல் சுண்ணாம்புக்கல், அந்தக் கல் தலைகீழாகப் புரண்டு விழுந்ததைக் காட்ட நான்கு அம்புக்குறிகள், ஓரத்தில் புகை கக்கும் ஓர் எரிமலை. எரிமலைக்குக் கீழே ‘திருவரங்குளம்’ என்று எழுதியிருக்கும். வேலைக்குப் புதிதாகச் சேருகிற நீங்கள் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். யார் வரைந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லையாம்.

நான்தான் வரைந்தேன். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. இனி என்னை யாரும் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிட முடியாது. அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தப் படத்தில் வராத ஒரு பெண்மணி இருக்கிறார். அவரைத் தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

அதை வரைந்தபோது நான் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. இருபத்தெட்டு ஆண்டு சர்வீஸ். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் வெயிலில் கருகிக் கருகி, எந்த அடுக்கில் என்ன சிப்பி கிடக்கும், அதன் வயது என்ன என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கல்லை நாக்கால் நக்கிப் பார்ப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. ஈரம் பட்டால் கல்லுக்குள் இருக்கும் சிப்பியின் வரிகள் பளிச்சென்று தெரியும், அதற்காகத்தான் நக்குகிறோம். இதை நீங்கள் உங்கள் வீட்டில் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வாய்த்த மேலதிகாரி ஒரு விசித்திரமான மனிதர். விராலிமலையில் நெடுஞ்சாலை ஓரத்து மெஸ் ஒன்றில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒருநாள் சொன்னார்: “பாறை என்னன்னு பேனாவுல எழுதுய்யா. உள்ள என்ன சிப்பி கெடக்குன்னு அதையும் பேனாவுல எழுது. வயச மட்டும் பென்சில்ல எழுது. அழிக்க வேண்டி வரும்.” சொல்லிவிட்டு என் இலையிலிருந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டார். அப்பளம் போனதால் அந்த வார்த்தை மனதில் நின்றது. இருபத்தெட்டு ஆண்டும் வயதைப் பென்சிலில்தான் எழுதினேன். பிறகு பதவி உயர்வு வந்தது. கூடவே பச்சை மைப் பேனாவும் வந்தது.

ஒரு நாள் காலை ஊராட்சித் தலைவரிடமிருந்து என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலைக் கொல்லையில் கிணறு வெட்டும்போது கல்லுக்குள் பாம்பு சுருண்டு கிடக்கிறதாம், ஊரே திரண்டு நிற்கிறதாம், வந்து என்னவென்று பார்க்க வேண்டுமாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டீ சட்டையில் கொட்டியது. அது பாம்பு இல்லை, அம்மோனைட். நத்தை மாதிரி சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிர். டைனோசரோடு சேர்ந்து அடியோடு அழிந்துபோனது. அதைப் பார்த்தால் அந்தக் கல்லுக்கு ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டு வயது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அரியலூரில் இது கிடைப்பது அதிசயமில்லை. திருவரங்குளம் இருக்கிற புதுக்கோட்டைப் பக்கம் கிடைக்கவே கூடாது. இங்கே மேலே செம்புறாங்கல், அடியில் அதைவிடப் பல மடங்கு பழைய கெட்டிப்பாறை. டைனோசர் காலத்துக் கடல் இவ்வளவு தெற்கே வந்ததாக எந்த வரைபடத்திலும் இல்லை. வந்திருந்தால் வரைபடத்தை மாற்ற வேண்டும். மாற்றியவன் பெயரைச் சொல்ல வேண்டும். ஜீப்பில் ஏறும்போதே என் பெயருக்கு முன்னால் என்னென்ன அடைமொழி பொருந்தும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அம்மோனைட்டுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி சாற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டம்ளரில் பாலும் இருந்தது. சுண்ணாம்புக்கல் தானா என்று சோதிக்க, பையிலிருந்து அமிலப் புட்டியை எடுத்தேன்.

“என்னாங்க அது?” என்றார் கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர்.

“ஆசிட்டுங்க. ரெண்டு சொட்டு விட்டுப் பாக்கணும்.”

“சாமி மேல ஆசிட்டு ஊத்துவீங்களா? நல்லா இருக்கே ஒங்க படிப்பு!”

மெதுவாகப் பேசி, கல்லின் பின்பக்கம் மட்டும் என்று சம்மதம் வாங்கி இரண்டு சொட்டு விட்டேன். சுண்ணாம்புக்கல் அல்லவா, புஸ்ஸென்று நுரைத்தது. “மூச்சு விடுது! மூச்சு விடுது!” என்று ஒரு பெண் கத்த, கூட்டம் மொத்தமும் கைகூப்பியது. அடுத்த நிமிடம் எனக்கும் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்கள். அந்த மரியாதையோடு கல்லை நக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கர்ச்சீப்பை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். குண்டு குண்டாகப் பழைய காலத்துச் சிப்பிகளும் இருந்தன. சந்தேகமே இல்லை.

கொல்லைக்குச் சொந்தக்காரர் மாரிக்கண்ணு. ஐம்பது வயதிருக்கும். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். இங்கே வெள்ளாமை முழுக்க இந்த அம்மாதான். பார்வை கல்லின் மேல் இல்லை. குழிக்கு அந்தப் பக்கம் வாடிக் கிடந்த கடலைச் செடியின் மேலேயே இருந்தது.

“இந்தக் கல் அடுக்கு எவ்வளவு காலமா இங்க இருக்குன்னு நினைக்கிறீங்கம்மா?” என்று கேட்டேன். பதில் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. பதிலை நானே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் கேட்டேன்.

“எங்க மாமனார் காலத்துலேருந்து இருக்குங்க சார்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மாமனார் காலம் இல்லம்மா. ஏழு கோடி வருசம்!”

“ஏழு கோடியா?” என்று வாயில் கைவைத்தார் மாரிக்கண்ணு. அந்தப் பெரியவர் ஏதோ சொல்ல வந்தார். கையமர்த்திவிட்டேன். குறிப்பேட்டை எடுத்து, பாறை என்ன, சிப்பி என்ன என்று எழுதினேன். வயது என்ற இடத்தில் ‘ஏழு கோடி ஆண்டு’ என்று பச்சை மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஓரத்தில் தமாஷுக்காக, ‘உள்ளூர்க் கணக்கு: மாமனார் காலம்’ என்று சேர்த்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? ‘மறு உத்தரவு வரும்வரை இங்கே கிணறு வெட்டக் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அப்படி உத்தரவு போட எனக்கு அதிகாரம் கிடையாது. அது எனக்குத் தெரியும். ரப்பர் ஸ்டாம்புக்குத் தெரியாது.

மாரிக்கண்ணு அந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “சார், கடல பூவெடுத்துருச்சு. இனிமேத்தான் விழுது மண்ணுக்குள்ள எறங்கணும். மண்ணுல ஈரம் இருந்தாத்தான் எறங்கும். போர் வத்திப்போச்சு. அதுக்காகத்தான் கெணறே வெட்டுறோம். பத்து நாளு தாங்கும் சார், அதுக்கு மேல தாங்காது.”

“ஏழு கோடி வருசம் காத்திருந்த கல்லும்மா. நீங்க பத்து நாள் பொறுக்கக் கூடாதா?” என்றேன். இப்போது நினைத்தாலும் அந்த வாயில் ஒன்று போடத் தோன்றுகிறது.

கிணறு வெட்ட வந்த ஆட்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மறுநாளிலிருந்து குழிக்குள் இறங்கி, சின்னக் கொத்துக் கரண்டியால் நானே சுரண்ட ஆரம்பித்தேன். பத்தடி தள்ளி இன்னொரு குழி போட்டு, அடுக்கு அந்தப் பக்கமும் தொடர்கிறதா என்று பார்ப்பது நம் வேலையின் அரிச்சுவடி. பத்தடி தள்ளி மாட்டுக்கொட்டகை இருந்தது. உள்ளே நின்ற மாடு என்னை முறைத்தது. விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் சுண்ணாம்புக்கல் தீர்ந்து, அடியில் சிப்பி அடுக்கு வந்தது. வெள்ளை வெளேரென்று, நேற்றுக் கடலிலிருந்து அள்ளிய மாதிரி. கீழே இருப்பதுதான் பழசு, மேலே இருப்பது புதுசு என்பது நம் தொழிலின் முதல் பாடம். இங்கே கீழே புதுசு, மேலே பழசு. புத்தி உள்ளவன் இந்த இடத்தில் மேலே ஏறி வந்து நாலு பேரிடம் விசாரித்திருப்பான். நான் குழிக்குள்ளேயே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து, பூமியே மடிந்து தலைகீழாகப் புரண்டதாகப் படம் போட்டேன். இமயமலையில் நடக்கிற சமாசாரம். திருவரங்குளத்தில் ஏன் நடக்கக் கூடாது?

ஏழாம் நாள் சிப்பிகளுக்கு நடுவே சாம்பல் வந்தது. கறுப்பும் சாம்பலுமாக ஒரு சாண் கனம். எனக்குத் தலைகால் புரியவில்லை. படத்தின் ஓரத்தில் எரிமலையைச் சேர்த்தேன். புகையும் போட்டேன். அன்று மாலையே சென்னையிலிருந்த எங்கள் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கூர்மையான பெண்மணி. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எரிமலையுமா சார்?” என்று மட்டும் கேட்டார். “ஆமா மேடம், எரிமலையும்தான்” என்றேன். பத்தாம் நாள் காலை தானே வருவதாகச் சொன்னார்.

ஒவ்வொரு நாளும் மாரிக்கண்ணு எனக்கு மோர் கொண்டுவந்து தருவார். ஒவ்வொரு நாளும், “முடிஞ்சிருச்சுங்களா சார்?” என்று கேட்பார். கேட்கிற குரல் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. எனக்கு மோர் ருசியாக இருந்தது என்பதுதான் நினைவிருக்கிறது. கடலைச் செடியை ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை.

மேடம் வருவதற்கு முந்தின நாள், இப்போதைய கடல் சிப்பி நான்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, என் சிப்பி எவ்வளவு வித்தியாசமானது என்று காட்டலாமே என்று தோன்றியது. மணமேல்குடிக்கு ஜீப்பை விட்டேன். அங்கே காதர் பாய் என்ற பெரியவரைக் கைகாட்டினார்கள். ஒரு காலத்தில் கிளிஞ்சல் வாங்கி, சொந்தக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு வியாபாரம் செய்தவர். இப்போது பேரன் வைத்திருக்கும் ஐஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். என் மாதிரிப் பையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து, பஞ்சில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

“பாய், இதுக்கு வயசு ஏழு கோடிக்கு மேல. பத்திரம்.”

பாய் அதை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நகத்தால் சுரண்டினார். பிறகு சாவகாசமாக, “இது நம்ம மட்டிச் சிப்பில்ல?” என்றார்.

“பாத்தா அப்படித்தான் இருக்கும் பாய். ஆனா…”

“பாதி வெந்துருக்கு பாருங்க, இந்த ஓரம் கருகியிருக்கு. காளவாயில சரியா வேகாதத எல்லாம் சாம்பலோட சேத்துக் கழிச்சுக் கொட்டுவோம். எங்கிட்டு எடுத்தீங்க?”

“திருவரங்குளத்துப் பக்கம். ஒரு கெணத்துக் குழியில.”

பாய் முகத்தில் வெளிச்சம் வந்தது. “அட, கெடாக்காரரு! எங்க வாப்பா இருக்கையில அங்கேருந்து ஒருத்தரு வந்து ரெண்டு லோடு கழிவு கேட்டாரு. கெணத்துல அவரு கெடா மூணு தடவ விழுந்துருச்சாம். போரு போட்டாச்சு, இனி கெணறு எதுக்கு, தூத்துப்புடப் போறேன்னு கோவமா நின்னாரு. நாந்தான் லாரியில ஏத்திவிட்டேன். அல்லாவே, இன்னுமா அது கெடக்கு?”

நான் பஞ்சை மடித்துப் பையில் வைத்தேன். காதர் பாய் எனக்கு ஒரு சேமியா ஐஸ் கொடுத்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே என் கடல், என் மடிப்பு, என் எரிமலை எல்லாம் ஒவ்வொன்றாக உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பூசி மெழுக எனக்கு வழி இருந்தது. ‘மேலும் ஆய்வு தேவை’ என்று ஒரு வரி எழுதினால் போதும், இரண்டு வருடம் ஓட்டலாம். அதற்குள் ஓய்வும் வந்துவிடும். ஐஸ் குச்சி மிஞ்சும் வரை அதைத்தான் யோசித்தேன். ஆனால் ஆய்வு தேவை என்றால் குழி அப்படியே கிடக்க வேண்டும். குழி கிடந்தால் தண்ணீர் வராது. அன்று ஒன்பதாவது நாள். இன்னும் ஒரு நாள்தான் தாங்கும் என்று அந்த அம்மா சொன்ன கணக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜீப்பை நேராகக் கொல்லைக்கு விடச் சொன்னேன்.

சாயங்காலம். மாரிக்கண்ணு குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து, செடி செடியாகச் செம்பில் ஊற்றிக்கொண்டிருந்தார். முக்கால் ஏக்கருக்கும் செம்பால் ஊற்றுகிறார். என்னைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார்.

“அம்மா, இது பழைய கெணறுதானா?”

“ஆமாங்க சார். தண்ணி இருந்த எடமாச்சேன்னுதான் அதையே திரும்ப வெட்டச் சொன்னேன்.”

“மேல கெடந்த அந்தச் சுண்ணாம்புக்கல்லு?”

“அரியலூர்ப் பக்கமிருந்து போன லாரி ஒண்ணு நம்ம வளைவுல கவுந்துச்சு. கல்ல அள்ளாமயே விட்டுட்டுப் போயிட்டாங்க. மாமனாரு அத வண்டியில அள்ளியாந்து கொட்டுனாரு. நான் கல்யாணமாகி வந்த புதுசு. கூட நின்னு நானும் கொட்டுனேன்.”

“ஏம்மா, இதை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“மொத நாளே சொன்னேனே சார். மாமனார் காலத்துதுன்னு. நீங்க சிரிச்சீங்க.” கீழே வைத்த செம்பை மறுபடி கையில் எடுத்தார். “நீங்க படிச்சவுக. ஏழு கோடின்னு அவ்வளவு அடிச்சுச் சொல்றீங்க. எங் கையால கொட்டுன கல்லு சார் அது. ஆனாலும் நீங்க சொன்னதுக்கப்புறம், ஒருவேள நாந்தான் தப்பா நெனச்சுக்கிட்டிருக்கனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.”

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது. தவறாக வயது சொன்னதற்காக அல்ல. தன் கண்ணால் பார்த்ததையே ஒருத்தர் நம்ப முடியாதபடி செய்துவிட்டேனே என்றுதான். நான் கொடுத்த உத்தரவுத் தாளைத் திருப்பி வாங்கி அவர் முன்னாலேயே கிழித்தேன். “மன்னிச்சிருங்கம்மா” என்றேன். அவர், “கிழிச்சத அங்கிட்டுப் போடாதீங்க சார், மாடு தின்னுரும்” என்றார்.

மறுநாள் விடிந்ததும் வெட்ட ஆள் தேடினால் ஒருவரும் இல்லை. நான் விரட்டிவிட்ட ஆட்கள் விராலிமலைப் பக்கம் வேறு கிணற்றில் இருந்தார்கள். சட்டையைக் கழற்றி மரக்கொம்பில் மாட்டிவிட்டு, பனியனோடு குழிக்குள் இறங்கினேன். மேலே மாரிக்கண்ணுவும் பக்கத்துக் கொல்லைப் பெண்கள் இரண்டு பேரும் கயிறு இழுக்க, நான் கூடையில் சிப்பியை அள்ளிப் போட்டேன். இத்தனை நாளாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டித் தட்டித் துடைத்த சிப்பி. அதை மண்வெட்டியால் வாரினேன்.

பத்து மணிக்குக் குழியின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. மேடம்.

“என்ன சார், எரிமலைக்குள்ள எறங்கிட்டீங்களா?”

கூடையோடு நிமிர்ந்து, கிடா முதல் லாரி வரை எல்லாவற்றையும் கீழிருந்தே ஒப்பித்தேன். மேடம் சிரிக்கவில்லை. குழியை ஒரு சுற்று சுற்றி வந்தார். காலடியால் அளந்தார்.

“சார், ஒரு சந்தேகம். வட்டமா பன்னெண்டடி அகலத்துக்கு மட்டும் ஒரு கடல் வந்துட்டுப் போயிருக்குன்னு ஒங்களுக்கு ஒன்பது நாளா தோணவே இல்லையா?”

“மாடு முறைச்சுது மேடம்” என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போதுதான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பத்திரிகைப் படத்தைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அது எங்கே போய்த் தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் மத்தியானம் பழைய ஊற்றுக்கண் திறந்தது. முதலில் சேறு, பிறகு கலங்கல், பிறகு தண்ணீர். மோட்டாரை இறக்கிப் பாய்ச்சியபோது வாய்க்கால் ஓரமாகவே நடந்து, தண்ணீர் முதல் செடிக்குப் போய்ச் சேரும் வரை பார்த்தேன். மேட்டுப் பக்கத்தில் நான்கு பாத்தி கருகிவிட்டது. அது என்னால்தான். மற்றது பிழைத்தது.

அம்மோனைட் மட்டும் வேப்பமரத்தடியில் இருக்கிறது. இன்னும் பால் வைக்கிறார்கள். அதன் வயது ஏழு கோடிதான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அது அங்கே வந்து சேர்ந்த வயதுதான் மாமனார் காலம். என் அறிக்கையில், ‘அடுக்கின் வயது’ என்ற இடத்தில் அதையே எழுதினேன். பேனாவால்தான், கொட்டியவரே சொன்ன சாட்சி இருந்ததே.

அந்த ஆண்டு அறுவடை முடிந்து ஒரு வாரத்தில், அலுவலகத்துக்கு ஒரு சாக்குப்பையில் பச்சைக் கடலை வந்தது. இன்றைக்கும் வருடம் தவறாமல் வீட்டுக்கு வருகிறது. முதல் பையின் வாயில், பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் கட்டியிருந்தது. பச்சை மையில் எழுதியிருந்தார், எங்கே தேடிப் பிடித்தாரோ.

‘சார், கடலைக்கு வயசு நூற்றைந்து நாள். விதைச்சவளே சொல்றேன். நம்புங்க.’